வெறுந் தட்டம் திரும்பினால் என்ன?



நோன்பு வர இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. போன வருசம் பெருநாள் முடிந்த கையோடு எழுத நினைத்த ஒரு விஷயம், தள்ளித் தள்ளி இன்றுதான் எழுதுகிறேன். பெரிய மார்க்கப் பிரச்சினையோ அரசியலோ இல்லை. நம் எல்லோருடைய குசினியிலும் இருக்கிற தட்டத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும். நோன்பு காலத்தில் பக்கத்து வீடுகளுக்குத் தட்டம் அனுப்புகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

என் உம்மாவின் குசினியில் தட்டங்களுக்கென்று ஒரு ராக்கையே இருக்கிறது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டு போக ஒரு பிளாஸ்டிக் ட்ரே. அரிசியில் கல் பொறுக்கவும் கொத்தமல்லி காயப்போடவும் ஓரம் நெளிந்த ஓர் அலுமினியத் தட்டம். உம்மும்மா விட்டுப்போன பித்தளைத் தாம்பாளம் ஒன்று. அது பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் கீழே இறங்கும். அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்த பெரிய சஹன் இரண்டு. இவை எல்லாவற்றையும் விட அதிகம் பாவிக்கப்படுவது பூப்போட்ட ஒரு எனாமல் தட்டம். அதன் வேலை வீட்டுக்குள் இல்லை. அது வீட்டுக்கு வீடு போய் வருகிற தட்டம்.

நோன்பு வந்தால் அஸருக்குப் பிறகு அந்தத் தட்டத்துக்கு ஓய்வே கிடையாது. கஞ்சி ஒரு ஜக், மேலே நாலு ரோல்ஸ், ஒரு கிண்ணத்தில் ஈத்தம்பழம், மூட ஒரு துணி. "மகன், இத அந்த ராத்தா வீட்டுல குடுத்துட்டு ஓடிவா" என்று ஒரு சத்தம். பிள்ளை போவதும் இன்னொரு வீட்டுப் பிள்ளை இன்னொரு தட்டத்தோடு வருவதும் ஒழுங்கையில் முட்டிக்கொள்ளும். கிழக்கில் வளர்ந்த நம்மில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அதோடு சேர்ந்து நமக்குச் சொல்லித் தரப்பட்ட இன்னொரு பாடமும் இருக்கிறது. வந்த தட்டத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது.

எங்கள் உம்மா அதில் மிகவும் கண்டிப்பு. வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனி, இரண்டு தேசிக்காய், முற்றத்தில் ஒடித்த நாலு கொத்துக் கறிவேப்பிலை வைத்துத்தான் தட்டம் போகும். பக்கத்து ஊரில் இருந்து எங்கள் பாடசாலைக்கு வருகிற தமிழ் ஆசிரியை ஒருவர் தைப்பொங்கலுக்குத் தட்டத்தில் பொங்கல் கொண்டு வந்தபோது, நான் அதைக் கழுவி மஸ்கட் வைத்துக் கொடுத்தேன். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் டீச்சர், வெறும் பாத்திரம் குடுக்க விடமாட்டா" என்றார். ஆக இது நம்முடைய வழக்கம் மட்டுமில்லை. இந்த மண்ணின் வழக்கம்.

நல்ல வழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்றுக்கொள்வார்கள், பதிலுக்கும் கொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. ஆகவே பதில் தட்டம் அனுப்புகிறவர் ஒரு ஸுன்னத்தைத்தான் செய்கிறார். நான் பேச வந்தது அந்த வழக்கம் இன்று சில வீடுகளில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை.

போன நோன்பில் நடந்தது. (யார் என்று தேட வேண்டாம். தெரியக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

தையல் தைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிற ஒரு தாய். மூத்த பிள்ளை என்னிடம் படித்தவள். ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குத் தட்டம் அனுப்பினேன். கஞ்சி, ரோல்ஸ், சம்சா, வெட்டிய வத்தகப்பழம். அன்று வீட்டுக்கு விருந்தினர் வந்ததால் வழமையை விடக் கூடுதலாகவே செய்திருந்தோம். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு சின்னப் பிள்ளை தட்டத்தோடு வந்தாள். அதில் ஒரு கிறீம் பிஸ்கட் பெக்கட்டும் நாலு யோகட்டும் இருந்தன. என் மகனுக்குச் சந்தோசம். நானும் "எதுக்கு புள்ள இதெல்லாம்" என்று வாயால் சொல்லிவிட்டு உள்ளே எடுத்து வைத்தேன். அதோடு மறந்தும் விட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சந்திக் கடைக்குப் போனபோது கடைக்கார நானா மெல்லச் சொன்னார்: "சொல்லாம இருக்கேலாம சொல்றன் டீச்சர். அந்தப் புள்ள கொப்பியில எழுதிட்டுத்தான் பிஸ்கட்டும் யோகட்டும் கொண்டு போச்சு. டீச்சர் வீட்டுத் தட்டம் எண்டு சொல்லிச்சு."

கொப்பியில் எழுதுவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். கடன். அந்தக் காசுக்கு இரண்டு கிலோ அரிசி வாங்கியிருக்கலாம்.

நான் நோன்பு திறக்கக் கொடுத்த கஞ்சிக்கு அந்த வீடு கடன்பட்டிருக்கிறது.

அடுத்த வாரம் மனசு கேட்காமல் மறுபடியும் தட்டம் அனுப்பினேன். மகன் தட்டத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தான். "அவங்க இண்டைக்கு வேற வீட்டுக்கு நோன்பு திறக்கப் போறாங்களாம், வேணாமாம்" என்றான். மஃரிபுக்குப் பிறகு அந்தப் பக்கமாகப் போனேன். வீட்டுக்குள் லைட் எரிந்தது. தையல் மெசின் சத்தம் கேட்டது. அவர்கள் எங்கும் போகவில்லை.

இதைத்தான் சொல்ல வந்தேன். பதிலுக்கு வைக்க ஒன்றுமில்லாதவர் தட்டத்தை வாங்காமலே விட்டுவிடுகிறார். பசி இருந்தாலும் விட்டுவிடுகிறார். அவர் பெருமை பிடித்தவர் இல்லை. வெறுந் தட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும் வெட்கத்தை விடப் பசி இலகுவாக இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். போன நோன்பில் உங்கள் வீட்டுத் தட்டம் போன வீடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். எதிரில், திரும்பி வந்த தட்டத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தேன். பதினொரு வீடு. அதில் ஒன்பது வீடு என்னைப் போல மாதச் சம்பளம் எடுக்கிற, அல்லது கடை வைத்திருக்கிற, அல்லது வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடு. அவர்கள் எனக்கு அனுப்பினார்கள், நான் அவர்களுக்கு அனுப்பினேன். ரோல்ஸ் போய் பெட்டிஸ் வந்தது. பெட்டிஸ் போய் கேக் வந்தது. உண்மையைச் சொன்னால் நாங்கள் ஒருவர் சாப்பாட்டை இன்னொருவருக்கு மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். நம்மை அறியாமலே தட்டம் சமமான வீடுகளுக்கிடையில் மட்டும் ஓடத் தொடங்கிவிட்டது.

முன்பு இவ்வளவு மோசமில்லை. காரணம், தட்டத்தில் போனது சின்னச் சாமான். கஞ்சிக்குக் கறிவேப்பிலை பதிலாக வந்தால் யாருக்கும் அது குறைவாகத் தெரியவில்லை. இன்று தட்டம் வளர்ந்துவிட்டது. அனுப்ப முன்னர் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நான்கு வகைப் பலகாரம் வந்த தட்டத்தில் நாலு தேசிக்காய் வைத்து அனுப்ப யாருக்குத்தான் கை வரும்?

அதே நேரம் வீட்டுச் செலவும் ஏறிவிட்டது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருசம் நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவுச் சாமான் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய். பிறகு ஏறுகிற வேகம்தான் குறைந்தது. விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. மா, எண்ணெய், முட்டை, காஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பதில் தட்டம் ஒன்று இன்று சின்னச் செலவில்லை. நோன்பில் ஐந்து வீட்டுத் தட்டம் வந்தால் ஐந்து பதில் தட்டம். தினக்கூலிக்குப் போகிற ஒரு வீடு இதை எப்படித் தாங்கும்?

இனி, இதைச் சொன்னால் வரும் மறுப்புகளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலேயே வந்தவைதான்.

முதலாவது, "தட்டமே அனுப்பாமல் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் திருப்பித் தர வேண்டிய தேவையே வராதே?" என் தங்கை சொன்னது. இலகுவான வழிதான். ஆனால் குப்பையை யோசியுங்கள். லன்ச் ஷீட் தடை 2017 செப்டம்பரில் வந்தது. 2023 ஒக்டோபரில் ஒரு தரம் பாவித்து எறிகிற பிளாஸ்டிக் பீங்கான், கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு வரைக்கும் தடை செய்யப்பட்டது. அப்படியிருந்தும் நோன்பு முப்பது நாளும் நம் ஊர்க் கான்களில் என்ன மிதக்கிறது என்று நமக்குத் தெரியும். அதை விட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. தட்டம் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் மறுபடி வாசலுக்கு வருகிறார். இரண்டு வார்த்தை பேசுகிறார். எறிகிற பெட்டியில் அது இல்லை.

இரண்டாவது, "அப்படிச் சொன்னால் வழக்கமே அழிந்துவிடும்." உம்மாவின் கவலை இது. அவரிடம் ஒன்று கேட்டேன். "மையத்து வீட்டுக்கு நாம சாப்பாடு கொண்டு போறோமே, அந்தத் தட்டம் எப்பிடித் திரும்பி வருது?" உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெறுமையாத்தான்" என்றார். ஆம். மையத்து வீட்டில் இருந்து வருகிற தட்டத்தில் யாரும் எதையும் தேடுவதில்லை. ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது அவரது குடும்பத்துக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும்படி றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சொன்னதை அடிப்படையாக வைத்துத்தான் நாம் அதைச் செய்கிறோம். துக்கத்தில் இருக்கிறவர் பதில் கொடுக்க இயலாத நிலையில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரிகிறது. அங்கே வெறுந் தட்டம் யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை. அதனால் வழக்கம் அழிந்தும் போகவில்லை. அந்த விளங்கிக்கொள்ளலை இன்னும் ஒரு வீடு தள்ளிக் கொண்டு போவோம் என்றுதான் கேட்கிறேன். கஷ்டத்தில் இருக்கிற வீடும் பதில் கொடுக்க இயலாத வீடுதான்.

மூன்றாவது மறுப்புத்தான் பாரமானது. "ஏழை என்றால் அவருக்கு மானம் இல்லையா? 'நீங்கள் ஒன்றும் வைக்க வேண்டாம்' என்று சொன்னால் அது அவரை இன்னும் கீழே இறக்குவது ஆகாதா?" எங்கள் பாடசாலை மௌலவி சேர் கேட்டார். இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் இருக்கவில்லை. அவர் சொன்னது சரி. கொடுத்துக்கொண்டே இருக்கிறவர் ஒருவர், வாங்கிக்கொண்டே இருக்கிறவர் இன்னொருவர் என்றால் அதற்குப் பெயர் அயலவர் உறவு இல்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இது. பதில் தட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது வாங்குகிறவர் இல்லை. முதலில் அனுப்புகிறவர். நான் நாலு வகை வைத்தால் அவர் கடைக்கு ஓட வேண்டும். நான் கஞ்சி மட்டும் வைத்தால் அவர் முருங்கை இலை வைக்கலாம். ஆகவே மாற வேண்டியது அந்தத் தாய் இல்லை. நான்தான்.

ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அயல் வீட்டுப் பெண் கொடுப்பதை அற்பமாக நினைக்க வேண்டாம் என்று பெண்களுக்கே விசேஷமாகச் சொல்லப்பட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதைக் கொடுக்கிறவருக்குச் சொன்னதாகவும் எடுக்கலாம், வாங்குகிறவருக்குச் சொன்னதாகவும் எடுக்கலாம் என்று படித்திருக்கிறேன். அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் ஆணத்தில் தண்ணீரைக் கூட்டி அயலவரைக் கவனிக்கும்படிதான். விசேஷமாக ஒன்று சமைக்கும்படி சொல்லப்படவில்லை. நமக்கு உபகாரம் செய்தவருக்குப் பதில் செய்ய வேண்டும், இயலாவிட்டால் அவருக்காகத் துஆச் செய்ய வேண்டும் என்பதும் அபூதாவூதில் வருகிறது. ஆகவே துஆவும் பதில்தான். வெறுந் தட்டத்தோடு வந்து "உம்மா உங்களுக்குத் துஆச் செய்யிறா" என்று சொல்கிற பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை.

இன்னொரு ஹதீஸும் இதில் எனக்கு ஞாபகம் வரும். நபியவர்களின் மனைவியரில் ஒருவர் அனுப்பிய உணவுப் பாத்திரம் இன்னொருவர் வீட்டில் உடைந்துபோகிறது. நபியவர்கள் (ஸல்) சிதறிய உணவைத் தாமே சேர்த்தெடுத்து, உடைந்ததற்குப் பதிலாக உடையாத பாத்திரம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் அதில் படித்துக்கொண்டது, திரும்பிப் போக வேண்டிய உரிமை பாத்திரத்துக்கு இருக்கிறது என்பது. கழுவிய, முழுமையான தட்டம் திரும்பிப் போனால் அந்தக் கடமை முடிந்துவிடுகிறது. அதன் மேல் வைப்பதெல்லாம் மேலதிகம்.

களரியில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஒரு சஹனில் ஆறு பேர். கடை முதலாளியும் இருப்பார், அவர் கடையில் மூட்டை தூக்குகிறவரும் இருப்பார். இறைச்சித் துண்டை யார் யார் பக்கம் தள்ளி விட்டார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒழுங்கையில் போகிற தட்டமும் அப்படி இருந்திருக்க வேண்டியது.

கல்யாணத் தட்டங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. அங்கேயும் இதே கதைதான், பெரிய அளவில். ஒரு பக்கம் ஏழு தட்டம் வந்தால் மறு பக்கம் பதினொன்று. அதற்கும் பதில் இன்னும் கூட. ட்ரே அலங்கரித்து வீட்டிலிருந்தே உழைக்கிற சகோதரிகளின் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கம் இல்லை. அழகாகச் செய்யுங்கள். எண்ணிக்கையை மட்டும் இரு வீட்டாரும் முதலே பேசி முடிவு செய்யுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே களைத்துப்போன வாப்பாமார் நம் ஊரில் நிறைய.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பர் 26 நம் கரையோரத்தில் யாருக்கு மறக்கும்? அப்போது எனக்குப் பதினைந்து வயது. கட்டியிருந்த உடுப்போடு ஓடினோம். உள்ளே வயற்பக்கத்து ஊர் ஒன்றில், முன்பின் தெரியாத வீட்டில் தங்கினோம். பொழுதுபட ஒரு பெரியம்மா தட்டத்தில் சோறும் பருப்பும் கொண்டு வந்து வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு உம்மா தட்டத்தைக் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாம் போன நாளில் உம்மா அழுதது வெறுந் தட்டத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று. அந்தப் பெரியம்மா தட்டத்தை வாங்கிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கும் இதுலதான் கொண்டு வருவன், தாங்க புள்ள."

வெறுந் தட்டத்தை வாங்கத் தெரிந்த மனுசி அவர். அன்று நாங்கள் வெட்கப்படாமல் சாப்பிட்டோம்.

ஆகவே இந்த நோன்புக்கு நான் எனக்கே போட்டுக்கொண்ட ஒழுங்குகளை எழுதுகிறேன். சரியென்று பட்டால் நீங்களும் எடுங்கள்.

தட்டத்தில் ஒரு சாமான், கூடினால் இரண்டு. விருந்துக்குச் செய்தது விருந்தினருக்கு, கஞ்சி அயலவருக்கு.

கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் பிள்ளையை அனுப்பாமல் நானே போவேன். அங்கேயே வேறு பாத்திரத்தில் மாற்றச் சொல்லித் தட்டத்தைக் கையோடு வாங்கி வருவேன். தட்டம் அங்கே ஒரு இரவு தங்கினால்தான் அது கடனாக மாறுகிறது.

அவர்களிடம் இருக்கிற ஒன்றை நானே கேட்பேன். அந்தத் தாயின் முற்றத்தில் நல்ல கறிவேப்பிலை மரம் ஒன்று நிற்கிறது. "நாலு கொத்து ஒடிச்சுத் தாங்க" என்று கேட்டால் மௌலவி சேர் சொன்ன மானமும் காப்பாற்றப்படும், எனக்கும் கறிக்கு ஆகும்.

படம் எடுக்க மாட்டேன்.

யாராவது வெறுந் தட்டத்தோடு வந்தால், என் முகத்தைப் பார்க்கிற அந்தப் பிள்ளை என் முகத்தில் ஒன்றையும் கண்டுவிடாதபடி வாங்குவேன். உண்மையில் இதுதான் கஷ்டமானது. கண் நேராகத் தட்டத்துக்குள்தான் போகும். பழக வேண்டும்.

பிள்ளைகளுக்கு "வெறுந் தட்டம் குடுக்கக் கூடாது" என்று சொல்லிக் கொடுக்கிறோம். அதோடு சேர்த்து "வெறுந் தட்டம் வந்தா சிரிச்சிட்டு வாங்கணும்" என்பதையும் சொல்லிக் கொடுப்போம். முதல் பாடத்தை மட்டும் படித்த பிள்ளைதான் கொப்பியில் எழுதிவிட்டு பிஸ்கட் வாங்கி வந்தாள்.

நான் எழுதியதில் தவறு இருந்தால் ஆலிம்களும் மூத்தவர்களும் சுட்டிக்காட்டுங்கள். அல்லாஹ் நம் எல்லோரையும் றமழானை அடைய வைப்பானாக. நம் வீட்டுத் தட்டங்கள் தேவையான வாசல்களுக்குப் போய்ச் சேரட்டும்.

வஸ்ஸலாம்.